சினை முயலை மீட்டு வந்த பிறகு: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

ஆணும் பெண்ணும் ஒரே கூண்டில் அடைந்து கிடந்த இடத்திலிருந்து வந்த பெண் முயல் எதுவானாலும், அது சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முயலுக்கு மாதச் சுழற்சி கிடையாது. இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும். அதனால் கடைக் கூண்டில் ஒரு நிமிடம் சேர்ந்திருந்தாலும் போதும். சினைக்காலம் சராசரியாக 31 நாள். 28-லும் ஈனலாம், 33 வரையும் இழுக்கலாம். ஆண் முயலோடு கடைசியாக இருந்த தேதியைக் காலண்டரில் குறித்து, அங்கிருந்து 35 நாள் எண்ணுங்கள். அது தெரியாவிட்டால், வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். அந்த 35 நாள் முடியும்வரை "இது சினை இல்லை" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை அதிகமில்லை. ஒரு கிராம்வரை காட்டும் டிஜிட்டல் சமையலறைத் தராசு, ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சுகள் நாலைந்து, ஒரு தெர்மாமீட்டர், வெந்நீர்ப் பை, ஒரு நோட்டு. இவற்றில் தராசுதான் முக்கியம். குட்டி பிழைக்கிறதா என்பதைக் கண் சொல்வதைவிட இரண்டு நாள் முன்பே தராசு சொல்லிவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டில் வளர்க்கும் முயலுக்கு. வயல் வரப்பிலோ புதரிலோ கிடைத்த குட்டி உடம்பு முழுக்க முடியோடும் திறந்த கண்ணோடும் இருந்தால் அது காட்டு முயலின் குட்டி. வளர்ப்பு முயல் குட்டி முடியின்றி, கண் மூடித்தான் பிறக்கும். காட்டு முயலின் தாய் பகலில் குட்டி பக்கம் வராது. பால் கொடுக்க மட்டும் இருட்டில் வரும். காயமில்லாத குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்க முடியாது.

வயிறு பெரிதாக இருக்கிறது, ஆனால் சினையா கொழுப்பா தெரியவில்லை

வயிற்றைப் பார்த்துச் சொல்வது வீண். கடைசி வாரம்வரை பல முயல்களுக்கு வயிறே தெரியாது. கொழுத்த முயலுக்கோ எப்போதும் தெரியும். 10 முதல் 14 நாளுக்குள் கைப்பழக்கம் உள்ள மருத்துவர் தொட்டுப் பார்த்தால் திராட்சை அளவில் உருண்டைகள் தட்டுப்படும். நீங்கள் அழுத்திப் பார்க்காதீர்கள். புழுக்கையைக் கரு என்று நினைப்பதும், கருவை நசுக்கிவிடுவதும் இப்படித்தான். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு ஸ்கேன் எடுத்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முயல் பார்க்காத மருத்துவர்களே அதிகம். போனிலேயே "முயல் பார்ப்பீர்களா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஆரம்ப வாரங்களிலேயே தெரிந்துவிட்டால், கருப்பையை நீக்கும் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை. பிறக்கப்போகும் ஏழெட்டுக் குட்டிக்கும் நல்ல வீடு தேடுவது, ஒரு முயலை மீட்பதைவிடப் பெரிய வேலை.

பொய்ச்சினையும் உண்டு. இன்னொரு பெண் முயல் ஏறினாலே அது வந்துவிடும். 16 முதல் 18 நாளுக்குள் முயல் முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும், குட்டி வராது, இரண்டு மூன்று நாளில் எல்லாம் அடங்கிவிடும். உங்களுக்கோ தேதி சரியாகத் தெரியாது. ஆகவே முடி பிடுங்கினால் பெட்டியை வைத்துவிடுங்கள். வீணாகப் போனால் ஒரு பெட்டிதான் போகும்.

வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது, கழுத்தடி முடியைப் பிடுங்குகிறது

ஈனப்போகிறது. சில மணி நேரத்தில் ஈனலாம், ஒன்றிரண்டு நாளும் ஆகலாம். ஈனும் பெட்டி ஏற்கெனவே உள்ளே இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே வையுங்கள்.

ஒன்றரை முதல் இரண்டரை கிலோ முயலுக்கு 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் போதும். தாய் திரும்பிப் படுக்க இடம் இருக்க வேண்டும், ஓடியாட இருக்கக் கூடாது. பெரிய பெட்டியில் குட்டிகள் ஆளுக்கொரு மூலையாகச் சிதறிக் குளிர்ந்துபோகும். முன்பக்கம் நுழைவாயிலின் அடிவிளிம்பு தரையிலிருந்து 12 முதல் 15 செ.மீ. உயரம் இருக்கட்டும். இந்த விளிம்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பால் குடித்துக்கொண்டிருக்கும்போது தாய் சட்டென்று வெளியே தாவினால், காம்பைக் கவ்விய குட்டி கூடவே தொங்கிக்கொண்டு போகும். விளிம்பில் இடித்து அது உள்ளேயே விழ வேண்டும். நாய், பூனை போல முயல் தன் குட்டியை வாயில் கவ்வித் திரும்பக் கொண்டுவராது. வெளியே விழுந்த குட்டி நீங்கள் எடுத்து வைக்காதவரை வெளியேதான் கிடக்கும்.

பழப்பெட்டி மரம், பிளைவுட், எதுவானாலும் ஆணி முனை உள்ளே நீட்டக் கூடாது. அடியில் நாலைந்து துளை வேண்டும். அவசரத்துக்குத் தடித்த அட்டைப்பெட்டியும் சரிதான், ஆனால் அடி ஈரமானதும் மாற்ற வேண்டும். உள்ளே நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த புல் அல்லது தூசி தட்டிய வைக்கோல் போட்டு, நடுவில் கையால் அழுத்திக் கிண்ணம்போலக் குழி செய்யுங்கள். தேங்காய் நார், பஞ்சு, நூல் பிரியும் துணி மூன்றும் ஆகாது. குட்டியின் காலிலோ கழுத்திலோ இழை சுற்றினால், அது நெளிய நெளிய இறுகி, ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துவிடும். மரத்தூள் மூக்கில் ஏறும்.

28-ஆம் நாளுக்கு முன்பே பெட்டியை வைத்தால் பல முயல்கள் அதைக் கழிப்பிடமாக்கிவிடும். அப்படி ஆனால் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி வெயிலில் காயவைத்து, வழக்கமாகச் சிறுநீர் கழிக்கும் மூலைக்கு நேர் எதிர் மூலையில் வையுங்கள்.

சினையின் கடைசி வாரத்தில் தீனியைத் தொடவில்லை

ஈனும் நாளில் ஒரு வேளை குறைவாகத் தின்பது சகஜம். அதற்கு முன்பே 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால் அது அவசரம். கருக்கள் சத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தாய் பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப்பொருள் ஏறும், கல்லீரல் கெடும். தளர்ச்சி, தள்ளாட்டம், பிறகு வலிப்பு என்று ஓரிரு நாளில் முடிந்துவிடக் கூடியது. கொழுத்த முயலுக்குத்தான் இது அதிகம் வருகிறது. அதனால் சினைக்காலத்தில் "எடை குறைக்கிறேன்" என்று தீனியைக் குறைக்கவே கூடாது. காலையில் வரும் மருத்துவருக்காகக் காத்திருக்காமல், திறந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

மீட்டு வந்த முயல் பெரும்பாலும் பிரெட், சோறு, பிஸ்கட், கேரட் என்று வளர்ந்திருக்கும். அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டுப் புது இலைகளைக் குவித்தால் குடல் நின்றுவிடும். காய்ந்த புல்லை முதல் நாளிலிருந்தே எப்போதும் முன்னால் வையுங்கள். அருகம்புல், கொத்தமல்லித் தழை, மல்பெரி இலை, வேலிமசால், குதிரைமசால் ஆகியவற்றை ஒவ்வொன்றாக, முதலில் ஒரு கைப்பிடி, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் சேருங்கள். கூடவே முயலுக்கான பெல்லட், அதாவது அழுத்திச் செய்த குச்சித் தீவனம். வெங்காயம், பூண்டு, தக்காளிச் செடியின் இலை, உருளைக்கிழங்குச் செடியின் இலை எதுவும் கூடாது.

நாள் தாண்டியும் ஈனவில்லை, அல்லது முக்கிக்கொண்டே இருக்கிறது

ஈனுவது பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடக்கும். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் எழுந்து பார்க்கும்போது பெட்டியில் முடிக்குவியல் மட்டும் தெரியும். உற்றுப் பார்த்தால் அந்தக் குவியல் மெல்ல ஏறி இறங்கும்.

தேதி உறுதியாகத் தெரிந்து 33-ஆம் நாளும் கடந்தால் மருத்துவரிடம் போங்கள். ஒன்றிரண்டு கரு மட்டும் இருந்தால் அவை பெரிதாக வளர்ந்து தாமதமாகும், வழியிலும் சிக்கும். முக்கத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை, பச்சையாகவோ ரத்தமாகவோ ஒழுகுகிறது, பாதி வந்து நிற்கிறது என்றால் உடனே கிளம்புங்கள். மாட்டுக்குப் போடுகிறோமே என்று ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் போடச் சொல்பவர்கள் உண்டு. அடைத்துக்கொண்டிருக்கும் குட்டிமேல் கருப்பை இறுகினால் கிழிந்துவிடும். அடைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகு மருத்துவர் போட வேண்டிய மருந்து அது.

குட்டிகள் கம்பிவலைமேல் சிதறிக் கிடக்கின்றன, தொட்டால் சில்லென்று இருக்கின்றன

முதல் ஈற்றுத் தாய்க்கு இது அடிக்கடி நடக்கும். குட்டி அசையவில்லை, நீலம் பாரித்திருக்கிறது என்பதால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குளிர்ந்த குட்டிக்கு மூச்சு கண்ணுக்கே தெரியாத அளவு குறைந்துவிடும். சூடேற்றிய பிறகும் அசையவில்லை என்றால்தான் செத்தது என்று முடிவு செய்ய வேண்டும்.

சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைப்பதுதான் எளிய, கெடுதல் இல்லாத வழி. அல்லது 40 டிகிரி வெந்நீர் நிரப்பிய பையைத் துண்டால் இரண்டு சுற்று சுற்றி, அதன்மேல் வைத்து மூடுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். ஹேர் டிரையர், நேரடி பல்பு வேண்டாம், தோல் காய்ந்து சுடும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் ரோஸ் நிறம் திரும்பி நெளியத் தொடங்கும். அதற்கு முன் ஒரு சொட்டுப் பாலும் கொடுக்கக் கூடாது. உடம்பு சில்லென்று இருக்கும்போது குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெரியாது. பால் நுரையீரலுக்குப் போகும், இல்லையென்றால் வயிற்றில் புளித்து உப்பும்.

தாய் முடி பிடுங்கவில்லையா? ஈன்ற சமயத்தில் அதன் வயிற்று முடியும் கழுத்தடி முடியும் தளர்ந்தே இருக்கும். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் விரலால் மெல்ல இழுத்தால் கையோடு வரும். வராத முடியைப் பிய்க்க வேண்டாம். ஒரு கைப்பிடி சேர்த்தால் போதும். பற்றாததற்கு வாசனை இல்லாத டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்துப் போடுங்கள். முதல் வாரம் கூட்டின் நடுவில் 30 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நம் ஊரில் மார்கழி, தை இரவுகளும் மலைப்பகுதியும்தான் இந்த வகையில் கவலை. சித்திரையில் கவலை நேர் எதிர்.

செத்த குட்டி, நஞ்சுக்கொடி மிச்சம், ரத்தம் தோய்ந்த வைக்கோல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உயிருள்ளவற்றை எண்ணி நோட்டில் எழுதுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீட்டு முயலைப் பொறுத்தவரை கட்டுக்கதை. சென்ட், சோப்பு வாசனை, நாயைத் தொட்ட கை மட்டும் வேண்டாம். கையைத் தாயின் படுக்கை வைக்கோலில் தேய்த்துக்கொண்டு தொடுங்கள்.

தாய் குட்டிகள் பக்கமே போவதில்லை

நல்ல தாயிடமிருந்து குட்டிகளைப் பிரித்துச் சிரிஞ்சில் பாலூற்றிச் சாகடிப்பது பெரும்பாலும் இந்த ஒரு பயத்தால்தான். முயல் தன் குட்டிகளோடு படுக்காது. 24 மணி நேரத்தில் ஒருமுறை, சில முயல்கள் இருமுறை, பெட்டிக்குள் குதிக்கும். மூன்று நான்கு நிமிடம் குட்டிகள்மேல் நின்று பால் கொடுத்துவிட்டு வெளியேறிவிடும். அதுவும் நாம் தூங்கும் நேரத்தில். இரையைத் தேடும் விலங்குக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அமைந்த பழக்கம் அது. பகல் முழுக்க அது பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் புல் தின்றுகொண்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் பொருள்.

பால் குடித்ததா என்பதைக் குட்டியிடம் கேளுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில், தாய்க்குப் பிடித்த தழையைக் கொடுத்து அதைத் தள்ளி வைத்துவிட்டு, குட்டிகளைத் துணி விரித்த கிண்ணத்துக்கு மாற்றுங்கள். குடித்த குட்டியின் வயிறு நீரூற்றிய பலூன்போல உருண்டு விறைப்பாக இருக்கும். முதல் சில நாள் தோலுக்கு அடியில் இடப்பக்கம் பால் வெள்ளைப் பட்டையாகவே தெரியும். குட்டி அசையாமல் தூங்கும். குடிக்காத குட்டியின் தோல் கிழவன் தோல்போல மடிப்பு விழும், வயிறு உள்வாங்கியிருக்கும், கை பட்டதும் துள்ளித் துள்ளிக் காம்பைத் தேடும், கீச்சிடும்.

பிறகு எடை. நாட்டுக் கலப்பு முயலின் குட்டி பிறக்கும்போது சுமார் 35 முதல் 55 கிராம் இருக்கும். நாளுக்கு நாள் சில கிராம் ஏறி, ஒரு வாரத்தில் இரட்டிப்பாக வேண்டும். ஒரே மாதிரி இருக்கும் குட்டிகளுக்குக் காதின் உட்புறம் வெவ்வேறு இடத்தில் உணவுச் சாயம் ஒரு பொட்டு வைத்தால் குழப்பம் வராது. ஒருநாள் எடை ஏறாவிட்டால் பொறுக்கலாம். இரண்டாம் நாளும் ஏறவில்லை, அல்லது இறங்கியது என்றால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

எல்லாக் குட்டிக்கும் வயிறு ஒட்டிக் கிடக்கிறது

முதலில் தாயின் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பாருங்கள். பால் கொடுக்கும் முயல் வெயில் நாளில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை குடிக்கும். நிப்பிள் பாட்டிலில் உருண்டை மாட்டிக்கொண்டால் பால் அன்றைக்கே வற்றும். கனமான மண் சட்டியில் தண்ணீர் வைப்பது நல்லது. பெல்லட், மசால் தழையைத் தாராளமாக்குங்கள்.

காம்பை அழுத்தினால் பால் வருகிறது, ஆனால் தாய் கூட்டில் நிற்கவில்லை என்றால் நிற்கவைக்க வேண்டும். காலையும் மாலையும் ஒருமுறை, சத்தமில்லாத அறையில், தாயைப் பெட்டிக்குள் குட்டிகள்மேல் நிறுத்தி, தோளில் ஒரு கை, பின்புறத்தில் ஒரு கை லேசாக வைத்து 5 நிமிடம் பிடியுங்கள். நெற்றியைத் தடவிக்கொடுத்தால் அடங்கும். மல்லாத்திப் போட்டுக் குட்டிகளை வயிற்றில் விடும் முறையும் உண்டு. பயந்த முயல் உதறினால் முதுகெலும்பே முறியும், ஆகையால் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். இரண்டு மூன்று நாள் இப்படிச் செய்தால் பெரும்பாலான தாய்கள் தாங்களே வந்துவிடும்.

சில குட்டி மட்டும் வற்றுகிறது என்றால் அது போட்டி. முயலுக்குக் காம்பு பெரும்பாலும் எட்டு, சிலவற்றுக்குப் பத்து. பத்துக் குட்டியில் பெரியது இரண்டு முந்திக் குடித்துவிடும். பெரிய குட்டிகளை 5 நிமிடம் வெளியே எடுத்துவிட்டு, சின்னதுகளுக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள். அதே வாரத்தில் ஈன்ற இன்னொரு தாய் இருந்தால், வயது வித்தியாசம் இரண்டு மூன்று நாளுக்குள் இருக்கும் குட்டிகளை அதனிடம் சேர்க்கலாம். அந்தக் கூட்டின் முடியில் புரட்டி நடுவில் வைத்தால் போதும்.

தாய் இறந்துவிட்டது, அல்லது பாலே இல்லை

உள்ளதைச் சொன்னால், கண் திறக்காத குட்டியைக் கையால் வளர்ப்பதில் இழப்பு அதிகம். முயல் பாலில் கொழுப்பும் புரதமும் தலா 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சர்க்கரை 2 சதவீதம்கூட இருக்காது. பசும்பால் இதற்கு நேர்மாறு: கொழுப்பு 4, புரதம் 3 சொச்சம், சர்க்கரை கிட்டத்தட்ட 5. அதனால்தான் பசும்பால் குடித்த குட்டி ஒரு பக்கம் கழிந்துகொண்டே இன்னொரு பக்கம் இளைத்துச் சாகிறது. பூனைக்குட்டிக்கான பால்மாவு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். அதுதான் அருகில் வரக்கூடியது. அது கைக்கு வரும்வரை காய்ச்சி ஆறவைத்த ஆட்டுப்பால் தரலாம்.

நடுத்தர இனக் குட்டிக்கு நாள் முழுவதற்குமான அளவு: பிறந்த வாரம் 5 மி.லி., ஒரு வாரத்தில் 12 முதல் 15, இரண்டு வாரத்தில் 25, மூன்று வாரத்தில் 30. இதை இரண்டாகப் பிரித்துக் காலை, மாலை கொடுங்கள். சின்ன இனம் என்றால் இதைவிடக் குறைவு. வயிறு உருளும்வரை போதும், தம்பட்டம்போல இறுகும்வரை வேண்டாம்.

பால் உங்கள் மணிக்கட்டில் விட்டால் வெதுவெதுப்பாக உணர வேண்டும். குட்டியைத் துணியில் சுற்றி நிமிர்த்தி, தலை சற்று முன்னே சாய, சிரிஞ்ச் முனையை வாயின் ஓரத்தில் வைத்து ஒரு சொட்டு விடுங்கள். அது நக்கி விழுங்கியதும் அடுத்த சொட்டு. மனிதக் குழந்தைபோல மல்லாக்கப் போட்டுக் கொடுப்பதுதான் பெரிய தவறு. மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். அடுத்த இரண்டு நாள் மூச்சில் கிளிக் சத்தம் வருகிறதா கவனியுங்கள், வந்தால் நிமோனியா. ஒவ்வொரு வேளையும் வெதுநீரில் நனைத்த பஞ்சால் சிறுநீர்த் துவாரத்தையும் ஆசனவாயையும் மெல்ல ஒற்றி ஒற்றித் தடவுங்கள். கண் திறக்கும்வரை அவற்றுக்குத் தானாகச் சிறுநீர் வராது. தாய் நக்கித்தான் வரவைக்கும்.

மூன்றாம் வாரம் புல்லைக் கடிக்கத் தொடங்கும்போது, ஆரோக்கியமான பெரிய முயல் இரவில் போடும் மெத்தென்ற, சின்னத் திராட்சைக் கொத்துபோன்ற புழுக்கையில் ஒன்றிரண்டு கிடைத்தால் பாலில் கரைத்து நாலைந்து நாள் கொடுங்கள். அருவருப்பாக இருக்கலாம். ஆனால் புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர் அதில்தான் இருக்கிறது. தாயிருக்கும் குட்டிக்கு அது தாயின் புழுக்கையிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

மடி சூடாக, கெட்டியாக, நீலச் சிவப்பாக இருக்கிறது

மடிநோய். தாய் குட்டிகளை உதறும், தின்னாது, உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல் போகும். தினமும் குட்டியை நிறுக்கும்போது தாயின் காம்புகளையும் ஒருமுறை விரலால் வருடிப் பாருங்கள். முதல் நாளிலேயே பிடித்தால் காப்பாற்றலாம். கூட்டில் ஆணி, ஈர வைக்கோல், குட்டிகள் இறந்து பால் திடீரெனத் தேங்கியது, இவைதான் வழக்கமான காரணங்கள். வெதுநீர் ஒற்றடம் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். அந்தக் குட்டிகளை வேறு தாயிடம் சேர்க்காதீர்கள், அந்த மடிக்கும் கிருமி போகும்.

மருந்துச் சீட்டைப் படியுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் எதையும் வாய்வழியாக முயலுக்குத் தரக் கூடாது. குடலின் நல்ல நுண்ணுயிர் செத்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் கழிச்சலில் போய்விடும். என்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா வகைகள் பாதுகாப்பானவை. அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். இதையொட்டி இன்னொன்று: மீட்ட முயலுக்குப் பேன், உண்ணி இருக்கிறதென்று நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயை அடித்துவிடாதீர்கள். முயலுக்கு அது விஷம்.

குட்டியைத் தின்றுவிட்டது

நஞ்சுக்கொடியைத் தின்று குட்டியை நக்கிச் சுத்தம் செய்யும்போது, பழக்கமில்லாத தாய் காது, வால், கால் என்று கடித்துவிடுவது உண்டு. செத்த குட்டியைத் தின்பதும் உண்டு. அது கூட்டைச் சுத்தம் செய்யும் வழி. உயிருள்ளதைத் தின்றால் காரணம் பெரும்பாலும் தாகம், பயம், புரதக் குறைவு. ஈனும் இரவில் தண்ணீர்ச் சட்டி நிறைந்திருக்க வேண்டும். நாய், பட்டாசு, வேடிக்கை பார்க்க வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தள்ளி இருக்க வேண்டும். மிஞ்சிய குட்டிகளைத் தனிக்கூடையில் வேறு அறையில் வைத்து, காலையும் மாலையும் உங்கள் கண்முன் மட்டும் தாயிடம் விடுங்கள்.

குட்டிகள் ஒன்றையொன்று விட்டு விலகிச் சிவந்து கிடக்கின்றன. தாய்க்கு மூக்கு விடைக்கிறது

வெயில். முயலுக்கு வேர்க்காது, 30 டிகிரிக்கு மேல் திணறும், 35-இல் உயிருக்கே ஆபத்து. சினை முயலும் பால் கொடுக்கும் முயலும் முதலில் விழும். தண்ணீர் உறைந்த பாட்டிலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள், ஈரச் சாக்கைக் கூண்டின் காற்று வரும் பக்கம் தொங்கவிடுங்கள், காதுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருங்கள். முழு உடம்பையும் தண்ணீரில் முக்கினால் அதிர்ச்சியிலேயே போய்விடும். மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் எந்தச் சாக்கும் உதவாது, கீழே கொண்டுவாருங்கள். கூட்டில் குட்டிமேல் கிடக்கும் முடியில் பாதியை எடுத்து ஒரு பையில் பத்திரப்படுத்துங்கள்; மழை பெய்த இரவில் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

குட்டிமேல் எறும்பு

பல வெளிநாட்டுக் கையேடுகளில் இது இருக்காது. சிந்திய பால் வாடைக்கும் நஞ்சுக்கொடி மிச்சத்துக்கும் வரும் செவ்வெறும்பு, கண் திறக்காத குட்டியை ஓர் இரவில் கொன்றுவிடும். கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். கூண்டு சுவரைத் தொடக் கூடாது, தொங்கும் வைக்கோல் தரையைத் தொடக் கூடாது. எறும்புச் சாக்கட்டி, மருந்துத் தூள் கூண்டுக்கு அருகில் வேண்டாம். பெருச்சாளியும் பூனையும் நுழையாதபடி அரை அங்குலக் கண்ணுள்ள வலை போடுங்கள்.

12 நாள் ஆகியும் கண் திறக்கவில்லை

10 முதல் 12-ஆம் நாளுக்குள் திறந்துவிட வேண்டும். இமை ஒட்டி, பீளை காய்ந்திருந்தால் உள்ளே சீழ் தேங்கிப் பார்வை போகும். காய்ச்சி ஆறிய வெதுநீரிலோ சலைனிலோ நனைத்த பஞ்சை இரண்டு நிமிடம் வைத்து ஊறவிட்டு, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். தானாகப் பிரியும் அளவுக்கு மட்டும் விரலால் உதவுங்கள். சீழ் வந்தால் கண் மருந்து மருத்துவர் தருவார். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து வேண்டாம். காரணம் பெரும்பாலும் ஈரக்கூடு. வைக்கோலை அன்றே மாற்றுங்கள், நல்ல முடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் செய்தித்தாள்மேல் வளரும் குட்டிக்குக் கால்கள் பக்கவாட்டில் விரியும் என்பதால் தரையில் பழைய துண்டு விரிக்க வேண்டிய காலமும் இதுதான்.

நான்கு வாரக் குட்டிக்கு வயிறு உப்பிக் கழிகிறது

தப்பிப் பிழைத்த குட்டிகள் சாகும் இரண்டாவது கட்டம் இது, நான்கிலிருந்து எட்டு வாரம்வரை. காக்சிடியா கிருமி, திடீர் தீனி மாற்றம், சீக்கிரம் பால் பிரித்தது மூன்றும் சேர்ந்தால் மணிக்கணக்கில் போய்விடும். ஈரப்புட்டம், கூனி உட்காருதல், பல் நறநறப்பு என்று எது தெரிந்தாலும் அன்றே மருத்துவர். கொஞ்சம் புழுக்கையைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போனால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார். அதுவரை கீரை, பெல்லட்டை நிறுத்திக் காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். தினமும் கூண்டைத் துடைத்துக் காயவையுங்கள். எட்டு வாரம்வரை தாயோடு விடுங்கள். பிரிக்கும்போது குட்டிகளைப் பழைய இடத்திலேயே வைத்துத் தாயை மாற்றினால் அதிர்ச்சி ஒன்று குறையும்.

ஒரு மாதம் கழித்துத் தாய் மறுபடி முடி பிடுங்குகிறது

ஈன்ற அன்றைக்கே, சில மணி நேரத்தில், முயல் மறுபடி சினையாகும். "பாவம், அப்பா முயலும் பக்கத்தில் இருக்கட்டும்" என்று விட்ட வீடுகளில் இதுதான் நடக்கிறது. ஆண் முயலுக்கு அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் முதல் ஆறு வாரம் நம்ப வேண்டாம். குட்டிகளில் ஆண், பெண்ணை எட்டாம் வாரத்தில் பாருங்கள், பத்தாம் வாரத்தில் மறுபடி பாருங்கள். முதல் முறை தப்பாகச் சொல்வது மருத்துவர்களுக்கும் நடக்கும். பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஆண்கள் தனிக் கூண்டுக்குப் போயிருக்க வேண்டும், அம்மாவிடமிருந்தும்தான். தாய்க்குப் பால் முழுதாக வற்றிய பிறகு, கருப்பை நீக்கத்துக்கு மருத்துவரிடம் தேதி வாங்குங்கள்.